ஊர்க் கணக்கு: பேரூராட்சி பற்றிய உங்கள் கேள்விகள்

பேரூராட்சி பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டதுதான் தாமதம், பாதிக் கடிதங்கள் சாக்கடையைப் பற்றியும் மீதி வரியைப் பற்றியும் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஆளையும் ஊரையும் சொல்லித் திட்டியிருந்தவர்களின் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை எடுத்துவிட்டேன்.

எங்கள் வீடு 900 சதுர அடி. 2022க்கு முன்பு கட்டிய சொத்து வரி இப்போது இரண்டு மடங்கு. ஆனால் தெருச் சாக்கடை மட்டும் பத்து வருடமாக அதே நிலையில் கிடக்கிறது. பணமெல்லாம் எங்கே போகிறது?
*வாசகர், ஈரோடு மாவட்டம்*

முதலில் அந்த இரண்டு மடங்கைப் பார்த்துவிடுவோம். 2022 ஏப்ரல் உயர்வில் சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று வைத்தார்கள். பிறகு 6 சதவீத ஏற்றமும் வந்தது. எப்படிக் கூட்டினாலும் 900 சதுர அடிக்கு இரட்டிப்பு ஆகாது. அளவெடுக்க வந்தவர்கள் மாடிக் கொட்டகையையும் சேர்த்து எழுதியிருக்கலாம், அல்லது முன்னறையில் தையல் கடை வைத்திருப்பதைப் பார்த்து வணிகக் கட்டடம் என்று பதிந்திருக்கலாம். செயல் அலுவலருக்கு மனு எழுதி மறு அளவீடு கேளுங்கள். கையில் மனு ஏற்பு ரசீது இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

அவ்வளவு பெரிய உயர்வு ஒரே நாளில் விழுந்ததற்குக் காரணம், 2008க்குப் பிறகு யாரும் வரியைத் தொடவில்லை என்பதுதான். 2018இல் ஏற்றினார்கள், மக்கள் கத்தினார்கள், உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற நிலையில் 2019இல் நிறுத்திவைத்தார்கள். அப்புறம் மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு வந்து, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து, மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப அதை ஏற்றாவிட்டால் மானியம் கிடையாது என்று சொல்லிவிட்டது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அதற்குத் துணிச்சல் இல்லை.

சரி, பணம். பேரூராட்சியின் கையில் இருப்பது ஒரு பை இல்லை, பல பைகள். பொது நிதி என்று ஒன்று உண்டு. நீங்கள் கட்டும் சொத்து வரி, காலி மனை வரி, தொழில் வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை எல்லாம் அதில் சேரும். அதிலிருந்துதான் பணியாளர் சம்பளம், தெருவிளக்கு மின்கட்டணம், போர்வெல் மோட்டார் ரிப்பேர், குப்பை வண்டி டீசல், கூட்டுக் குடிநீர் வரும் ஊராக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை எல்லாம் போகிறது. பெரும்பாலான சின்ன ஊர்களில் சொந்த வருமானம் இதற்கே போதாது. குறைவதை மாநில நிதிக்குழு மானியம் ஈடுகட்டுகிறது. மாநில அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் எல்லா உள்ளாட்சிகளுக்குமாகப் பிரிகிறதே, அதில் உங்கள் ஊருக்கு வரும் துண்டு அது.

அடுத்தது மத்திய நிதிக்குழு மானியம். 2021-22 முதல் 2025-26 வரைக்கான 15ஆவது நிதிக்குழுவின் கணக்கில், பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள் தொகை உள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வந்த பணத்தில் 60 சதவீதம் கட்டிப்போட்ட பணம். 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேமிப்புக்கு, இன்னொரு 30 சுகாதாரம், குப்பை மேலாண்மைக்கு. அதை எடுத்து ரோடு போட முடியாது. கடைசியாகத் திட்ட நிதிகள். நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி என்று இவை தலைப்போடு, சில நேரம் தெருவின் பெயரோடுகூட வரும். உங்கள் தெருச் சாக்கடை கட்டப்பட வேண்டுமானால் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பையிலிருந்துதான் வரவேண்டும். நீங்கள் கட்டிய வரியிலிருந்து வராது.

ஆகவே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் "எங்கள் வரிப்பணம் எங்கே" என்று கேட்டால் "சம்பளத்துக்குச் சரியாய்ப் போச்சுங்க" என்பார்கள், அது பொய்யும் இல்லை. கேள்வியை மாற்றுங்கள். இந்த நிதியாண்டில் எந்தெந்தத் திட்ட நிதியில் எவ்வளவு வந்தது, எந்த வார்டுக்கு எந்தப் பணி, எங்கள் தெருவுக்கு மதிப்பீடு தயாரித்து அனுப்பியிருக்கிறீர்களா, அனுப்பியிருந்தால் கடிதத்தின் தேதி என்ன? இதற்கு வாய்ப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்தான்.

இன்னொன்று. ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. கோபத்தில் வரியைக் கட்டாமல் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்து இழக்கிறார்கள்.

வரிச் சீட்டில் நூலக வரி என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் நூலகம் பாதி நாள் திறப்பதே இல்லை. பேரூராட்சிதானே அந்தப் பணத்தை வாங்குகிறது?
*வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்*

வாங்குவது மட்டும்தான் பேரூராட்சி. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் அந்த 10 சதவீதத்தை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். புகாரை மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். கூடவே, வசூலித்த நூலக வரியைப் பேரூராட்சி முழுவதுமாகச் செலுத்திவிட்டதா என்றும் கேட்டு வையுங்கள். பணத் தட்டுப்பாடு உள்ள உள்ளாட்சிகளில் முதலில் நிலுவையாவது இந்தத் தொகைதான்.

எங்கள் கிராம ஊராட்சியைப் பேரூராட்சியாக உயர்த்தப் போவதாகப் பேச்சு. ஊரில் பாதிப் பேர் பட்டாசு வெடிக்கத் தயார், பாதிப் பேர் சாலை மறியலுக்குத் தயார். நான் எந்தப் பக்கம் நிற்பது?
*வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்*

மறியலுக்குப் போகிறவர்களில் பெண்கள்தான் அதிகமாக இருப்பார்கள், சரியா? நூறு நாள் வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அந்த வேலை ஊரகப் பகுதிக்கு மட்டும். சட்டத்தின் பெயரும் நாள் கணக்கும் அண்மையில் மாறிவிட்டன, ஆனால் ஊரகத்துக்கு மட்டும் என்பது மாறவில்லை. கலைஞரின் கனவு இல்லம் போன்ற ஊரக வீட்டுத் திட்டங்களும் அப்படியே. நகர்ப்புற வேலைத் திட்டம் என்று ஒன்றை மாநில அரசு சோதனை முயற்சியாகக் கொண்டுவந்தது, 37 பேரூராட்சிகளில். அப்போது 490 பேரூராட்சிகள் இருந்த மாநிலத்தில் அதை நம்பி யாரும் ரேஷன் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

இந்த இழுபறி புதிதில்லை. 2004இல் தமிழக அரசு, 30,000க்குக் குறைவான மக்கள் தொகை கொண்ட பேரூராட்சிகளை எல்லாம் சிறப்புக் கிராமப் பஞ்சாயத்துகளாக மாற்றியது. மத்திய அரசின் ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பதுதான் கணக்கு. 2006இல் ஆட்சி மாறியதும் அந்த 561 ஊர்களும் திரும்பவும் பேரூராட்சிகளாயின. இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியதும் அதே 2006தான். கிராமமாகவே இருந்திருந்தால் அந்த ஊர்களின் விவசாயக் கூலிகளுக்கு வேலை கிடைத்திருக்கும். ஊர் அப்படியேதான் இருந்தது, அதே நெல் வயல், அதே ஏரி, அரசாணையில் இருந்த பெயர்தான் இரண்டு தடவை மாறியது.

2024 டிசம்பர் கடைசியில் 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள், மாநகராட்சிகளோடு இணையும் ஊராட்சிகள் என்று ஒரு பெரிய பட்டியல் வந்தபோதும் பல மாவட்டங்களில் மறியல் நடந்தது.

எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். உங்கள் ஊரில் எத்தனை குடும்பம் நூறு நாள் அட்டை வைத்து உண்மையில் வேலைக்குப் போகிறது, ஊரின் வருமானம் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மனைப் பிரிவுகள் பெருகி, பத்திரப் பதிவு தினமும் நடக்கும் ஊர் என்றால் பேரூராட்சி லாபம். நிலம் வாங்கும்போது கட்டும் 7 சதவீத முத்திரைத்தாள் கட்டணத்தில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கான பங்கு என்பது பலருக்குத் தெரியாது. குப்பை எடுக்க, குழாய் பார்க்க நிரந்தர ஆட்கள் என்று ஓர் அலுவலக அமைப்பும் வரும். மாறாக நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயலை நம்பி இருக்கும் ஊர் என்றால் நான் மறியல் செய்கிறவர்கள் பக்கம்தான். சாலையில் உட்காருவதோடு நிறுத்தாமல், ஆட்சேபணைக்குக் கொடுக்கும் கெடுவுக்குள் ஆட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள், கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்து. பேரூராட்சியான பிறகு கிராம சபையே கிடையாது.

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். பக்கத்துக் கிராமத்தில் கிராம சபை நடக்கிறது, ஊராட்சித் தலைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். எங்கள் பேரூராட்சியில் ஏன் இல்லை?
*வாசகர், தென்காசி மாவட்டம்*

கிராம சபை ஊராட்சிகளுக்கான சட்டத்தில் இருப்பது. நகர்ப்புறத்துக்கு வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல்தான் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று பம்மலில் நடந்த பகுதி சபைக்கு முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எத்தனை ஊரில் ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு விஷயம். உங்கள் வார்டு கவுன்சிலர்தான் வார்டு குழுவின் தலைவர், அவரிடம் கேளுங்கள். "அப்படி ஒன்று இருக்கா?" என்று அவர் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கிராம சபை அளவுக்கு அதற்குப் பல் இல்லைதான், ஆனால் தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, கோரிக்கை எழுதினால் அது ஆவணம்.

நான் ஒரு பேரூராட்சியின் பெண் கவுன்சிலர். முதல் முறை ஜெயித்தவள். கூட்டத்தில் ஐம்பது பொருளை அரை மணி நேரத்தில் படித்து "ஆல் பாஸ்" என்கிறார்கள். வெளியே வந்தால் வார்டுக்காரர்கள் நான் பணம் தின்றதாகப் பேசுகிறார்கள். எனக்கு மாதம் வருவது 2,500 ரூபாய்.
*வாசகி, மாவட்டம் வேண்டாம்*

அம்மா, அந்த 2,500கூட 2023 ஜூலையிலிருந்துதான் கொடுக்கிறார்கள். தலைவருக்கு 10,000. அதற்கு முன்பு மாத மதிப்பூதியம் என்று ஒன்றும் இல்லை, கூட்டத்துக்கு வந்தால் தரும் அமர்வுப் படிதான்.

கூட்ட அழைப்போடு வரும் பொருள் பட்டியலை முதல் நாளே உட்கார்ந்து படியுங்கள். பெரிய ரோட்டு வேலை, கட்டட வேலைகளில் எல்லார் கண்ணும் இருக்கும், டெண்டர், தணிக்கை என்று பல இடத்தில் மாட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது சின்னச் சின்ன பில்கள். மோட்டார் காயில் கட்டியது, குழாய் உடைப்புச் சரிசெய்தது, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, தெருவிளக்கு உதிரிபாகம், ஜே.சி.பி. வாடகை. "அவசர அவசியம் கருதி" வேலையை முடித்துவிட்டு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைப்பார்கள். அவசரம் நிஜமாகவே இருக்கும், மோட்டார் எரிந்துபோனால் டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது, ஊரே குடத்தோடு நிற்கும். ஆனால் ஒரே மோட்டார் ஒரே வருடத்தில் நாலு தடவை எரிகிறது என்றால் கேட்கத்தான் வேண்டும். ஒரு நோட்டுப் போடுங்கள், எந்தத் தெரு மோட்டார், எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அடுத்த கூட்டத்தில் "போன ஆவணியிலும் இதே மோட்டாருக்கு பில் வந்ததே" என்று நிதானமாகக் கேளுங்கள், சத்தமே போட வேண்டாம். உடன்பாடில்லாத பொருளுக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பின்னாளில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கேட்கும்போது அந்தப் பதிவு உங்களைக் காப்பாற்றும்.

வார்டுக்காரர்கள் பேச்சுக்கு ஒரே மருந்து, உங்கள் வார்டுக்கு இந்த வருடம் எந்த நிதியில் என்ன வேலை வந்தது என்று ஒரு தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவது. தொகையையும் ஒப்பந்தக்காரர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒப்பந்தக்காரருக்கு முகம் சுளிக்கும், பரவாயில்லை.

இன்னொன்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் கொடுத்தது கணவன்மார் கூட்ட அரங்கில் நாற்காலி போட்டு உட்காருவதற்கு இல்லை. நீங்களே கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன்.

வாரச் சந்தையில் தரையில் கூடை வைத்துக் கீரை விற்கிறேன். குத்தகை எடுத்தவர் ஆட்கள் இஷ்டத்துக்குச் சுங்கம் வாங்குகிறார்கள். கேட்டால் "லட்சக்கணக்கில் ஏலம் எடுத்திருக்கோம்" என்கிறார்கள். (மகள் எழுதிக் கொடுத்தது)
*வாசகி, சேலம் மாவட்டம்*

ஏலம் எவ்வளவுக்குப் போனது என்பது அவர்கள் கவலை. கூடைக்கு எவ்வளவு, மூட்டைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று பேரூராட்சி நிர்ணயித்த கட்டணம் ஒன்று உண்டு. குத்தகை நிபந்தனையிலேயே அது இருக்கும், சந்தை வாசலில் பலகையாக இருக்க வேண்டும், வாங்கும் காசுக்கு ரசீதும் தர வேண்டும். மகளை விட்டு அந்தக் கட்டணப் பட்டியலின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கச் சொல்லுங்கள். தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள், பத்து வியாபாரிகளாகச் சேர்ந்து செயல் அலுவலரிடம் போங்கள். சந்தைக் குத்தகை பல பேரூராட்சிகளுக்குப் பெரிய வருமானம் என்பதால் அலுவலகம் குத்தகைக்காரரைப் பகைக்கத் தயங்கும். எழுத்தில் போனால் தயக்கம் குறையும்.

இரவில் செப்டிக் டேங்க் லாரிகள் ஏரியில் கழிவைக் கொட்டிவிட்டுப் போகின்றன. பேரூராட்சியில் சொன்னால் "எங்களிடம் சுத்திகரிப்பு நிலையம் இல்லை" என்கிறார்கள்.
*வாசகர், ராணிப்பேட்டை மாவட்டம்*

நிலையம் இல்லை என்பது ஏரியில் கொட்டுவதற்கு அனுமதி ஆகாது. கழிவு லாரிகள் உள்ளாட்சியில் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய், மறுபடியும் செய்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். வண்டி எண், நேரம் தெரியும்படி படம் எடுத்துக் காவல் நிலையத்துக்கும் பேரூராட்சிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஆளில்லாத ஏரிக்கரையில் லாரியை மறிக்கப் போகாதீர்கள்.

நிலையம் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் முதல் கழிவுக் கசடு சுத்திகரிப்பு நிலையம் எங்கே வந்தது தெரியுமா? மாநகராட்சியில் இல்லை, மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் கருங்குழி பேரூராட்சியில். சுற்றியுள்ள ஊர்களின் லாரிகளும் அங்கேயே கொண்டுவந்து கொட்டும்படி அமைத்தார்கள். ஒவ்வொரு சின்ன ஊரும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை, கட்டவும் முடியாது, நாலு ஊர் சேர்ந்தால் போதும். பாதாளச் சாக்கடையோ வீட்டுக்கு வீடு குழிதோண்டுவது, கோடிக்கணக்கில் செலவு, முடிந்தபின் பராமரிக்கவும் பேரூராட்சியிடம் பணம் இருக்காது. மேடையில் பாதாளச் சாக்கடை வாக்குறுதி கொடுப்பவரிடம் அதற்கான மாதப் பராமரிப்பை யார் கட்டுவார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

தெரு நாய்களைப் பிடித்து வெளியூரில் விட்டுவிட்டு வரச் சொல்லிக் கேட்கிறோம். பேரூராட்சி மறுக்கிறது.
*வாசகர், கடலூர் மாவட்டம்*

மறுப்பது சரி. 2023ஆம் ஆண்டின் விதிகள்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் வேறு மாதிரி சொல்லி, பிறகு வெறிநோய் உள்ளவை, ஆளைக் கடிக்கும் மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றுக்கு இதையே உறுதி செய்தது. நீங்கள் வெளியூரில் விட்டால் வெளியூர்க்காரர் உங்கள் ஊரில் கொண்டுவந்து விடுவார், அவ்வளவுதான் நடக்கும். கேட்க வேண்டியது, பக்கத்து நகராட்சியின் கருத்தடை மையத்தோடு நம் பேரூராட்சி சேர்ந்துகொள்ள மன்றத் தீர்மானம் போட்டாயிற்றா என்று. கடி வாங்கினால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள், மஞ்சள் பற்று வேண்டாம்.

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு ஊர்க் குளத்தைத் தூர்வாரலாம் என்று இருக்கிறோம். பேரூராட்சியும் பாதி போடுமா?
*வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்*

போடும், நமக்கு நாமே திட்டத்தில். பொதுவான பணிகளுக்கு மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, நீர்நிலை என்றால் பாதி. வசூலைத் தொடங்கும் முன்பு இரண்டு விஷயம். குளம் பேரூராட்சிக்குச் சொந்தமா, கோயிலுக்கா, நீர்வளத் துறைக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை அனுமதி வேண்டும், பல ஊர்களில் நல்ல முயற்சி இந்த இடத்தில்தான் ஒரு வருடம் நின்றுபோகிறது. அடுத்தது, மதிப்பீட்டை முதலில் வாங்குங்கள். பொறியாளர் போடும் தொகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எவ்வளவு என்று பிரியுங்கள், முன்கூட்டியே ஐந்நூறு ரூபாய் என்று வாங்கிவிட்டு அப்புறம் இன்னும் கொடு என்று கேட்டால் தெருவில் முகம் கொடுக்க முடியாது. மக்கள் பங்கை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காமல் வரைவோலையாகப் பேரூராட்சி பெயரில் கட்டி ரசீது வாங்குங்கள். பாதிக்குக் குறையாமல் மக்கள் பணம் என்பதால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் விதியில் இடமுண்டு, அதைக் கேட்டு மனுவிலேயே எழுதிவிடுங்கள். தூர்வாரிய மண்ணை யார் எடுத்துப் போகிறார்கள் என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும்.